வடித்த எண்ணெய்

எங்கள் கோ-கார்ட் பந்தய வண்டி எஞ்சினுக்கு எந்த எண்ணெய் விடவேண்டும் என்று கேட்டால், கொழும்பில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகம் விற்பவர் நாற்பதாம் நம்பர் என்றார். கொட்டாஞ்சேனையில் இருந்த என் கூட்டாளி, "அது லொறிக்கு ஊத்துறதுடா மச்சான், இருபது ஐம்பதுதான் சரி" என்றான். எஞ்சினோடு வந்த புத்தகத்தில் பத்து முப்பது என்று போட்டிருந்தது. பந்தயத் திடலில் விசாரித்தால், மோட்டார் சைக்கிள் எண்ணெயைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் எஞ்சின் இறுகும் என்று ஒருவர் சத்தியம் பண்ணினார். எனக்குத் தலை சுற்றியது. கடைசியில் புத்தகத்தை நம்பி ஒரு லீற்றர் கான் வாங்கினேன். பொன்னிறத்தில் தேன் மாதிரி இருந்தது.

நாட்டில் சண்டை நடக்க, நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கொழும்புக்கு வெளியே போய் வட்டமடித்துக்கொண்டிருந்தோம். இதில் என்ன நியாயம் என்று அம்மா கேட்பா. எனக்கும் தெரியாது. ஓடும்போது மட்டும் ஒன்றும் யோசிக்கத் தேவையில்லை, அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் அத்தான், அதாவது என் அக்காவின் கணவர், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். அக்கா கனடாவில். அவருக்குத் திங்கட்கிழமை காலை விசா இன்டர்வியூ. அதற்குள் ஆமியிடம் பிடிபட்டு உள்ளே போனால் எல்லாம் போச்சு. அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம். சிங்களம் ஒரு சொல் வராது. "அவரை வெளியில கூட்டிக்கொண்டு திரியாத, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று அக்கா ஒவ்வொரு முறை போன் எடுக்கும்போதும் கெஞ்சுவா.

சனிக்கிழமை பின்னேரம் எஞ்சினைக் கொஞ்சம் ஓடவிட்டுச் சூடாக்கி, பழைய எண்ணெயை ஒரு தாச்சிச் சட்டியில் இறக்கினேன். இந்தச் சின்ன எஞ்சின்களுக்கு எண்ணெய் வடிகட்டி கிடையாது, அதனால் அடிக்கடி மாற்றவேண்டும். புதிதில் பாதி உள்ளே போனது. மிச்சத்தை மறுநாளுக்கு வைத்தேன். அத்தான் பக்கத்தில் நின்று தாச்சியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதை என்ன செய்யப் போறீர், தம்பி?"

"வெளியில ஊத்துறதுதான். வேற என்ன?"

அவர் குனிந்து தாச்சியை ஓரமாக நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை எங்கள் ஒழுங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு வரும் என்று கதை பரவியது. அத்தானை வீட்டில் விடுவதா, பந்தயத்துக்குக் கூட்டிப்போவதா என்று எங்களுக்கு ஒரே குழப்பம். வீட்டில் இருந்தால் பிடிப்பார்கள், வெளியே போனாலும் பிடிப்பார்கள். கடைசியில் கூட்டாளியின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். போகும் வழியில் ஒருவரும் மறிக்கவில்லை.

முதல் ஓட்டம் முடிந்ததும் எண்ணெயை இறக்கிவிட்டு, மிச்சம் இருந்த கானை எடுத்தேன். கைக்குப் பாரமாக இருந்தது. ஊற்றினால் கறுப்பாக விழுகிறது. பாதியாக வைத்த கான் எப்படி நிறைந்தது, தேன் எப்படித் தார் ஆனது, எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவனுடைய பரம்பரையையே இழுத்துத் திட்டினேன்.

"நான்தான் விட்டனான், தம்பி" என்றார் அத்தான். "நேற்றைய எண்ணெய். வேட்டித் துணியில ரெண்டுதரம் வடிச்சனான். சும்மா ஊத்திப்போட ஏலுமே? அங்க நாங்கள் இப்பிடித்தான். வெயிலில வச்சு, மண்டி இறங்கினாப் பிறகு வடிச்சு, திருப்பி மிசினுக்கு விடுவம்."

"உங்களுக்கென்ன விசரே, அத்தான்? புதுசையும் நாசமாக்கிப் போட்டியளே!"

கத்திவிட்டேன். பக்கத்து வண்டிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேறு எண்ணெய் இல்லாததால் அதையே விட்டு ஓடினேன். எஞ்சின் இறுகவுமில்லை, புகைக்கவுமில்லை. அன்றுதான் முதல்முறையாக மூன்றாவதாக வந்தேன். அந்த எண்ணெயாலா, அதையும் மீறியா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் ஹெல்மெட்டைக் கழற்றி வருவதற்குள் அத்தான் இறக்கிய எண்ணெயையும் அதே கானில் விட்டு மூடி, மடியில் வைத்துக்கொண்டு வானில் ஏறிவிட்டார்.

திரும்பி வரும்போது கிருலப்பனைக்குக் கிட்ட ஆமி மறித்தது. அட்டையைப் பார்த்த ஆமிக்காரன் அத்தானை மட்டும் இறங்கச் சொன்னான். கானைத் திறந்து மணந்தான். "மேக்க மொகத?" இது என்ன என்று கேட்கிறான். பழைய எண்ணெய் என்று சிங்களத்தில் சொன்னேன். பழைய எண்ணெயை யாராவது புதுக் கானில் அடைத்து மடியில் வைப்பார்களா என்றான். நியாயமான கேள்வி.

என்ன சொல்வது? யாழ்ப்பாணத்துக்கு எண்ணெய் போகவிடாமல் மறித்ததால் வந்த பழக்கம் என்று மறித்தவர்களின் உடுப்பைப் போட்டவனிடம் சொல்வதா? வேலிக் கட்டைக்குப் பூச, கறையானுக்கு நல்லது என்று ஏதோ உளறினேன். கூட்டாளி இறங்கி, மல்லி, அதாவது தம்பி, நாங்கள் பந்தயம் ஓடிவிட்டு வருகிறோம் என்று பின்னால் கிடந்த வண்டியைக் காட்டினான். ஆமிக்காரன் அத்தானையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். எனக்கு நாளைய இன்டர்வியூ மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

கடைசியில் ரோட்டோரத்தைக் காட்டி, அதை ஊற்றச் சொன்னான்.

"ஊத்துங்கோ அத்தான், கெதியா ஊத்துங்கோ" என்றேன்.

அவர் ஊற்றினார். வெறும் கானைக் கவிழ்த்துப் பிடித்தபடியே நின்றார். அட்டை திரும்பக் கிடைத்தது. வான் வெளிக்கிட்டதும் கூட்டாளி, "அல்லா காப்பாத்தினான்" என்று பெருமூச்சு விட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. "பயந்து போனியளோ, அத்தான்?" என்று பகிடியாகக் கேட்டேன்.

"பயமில்லை" என்றார். கண் கலங்கியிருந்தது. "என்ர தம்பி கிளாலிக் கடலில செத்தவன் எண்டு உமக்குத் தெரியும்தானே?"

"ஓம்." யாழ்ப்பாணத்துச் சனம் வெளியே போய்வந்த அந்தக் கடல்பாதையில், படகில் நேவி சுட்டுச் செத்தது தெரியும். எதற்காகப் போனான் என்று எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

"எங்கட தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற மிசினுக்கு எண்ணெய் வாங்கிவரத்தான் போனவன். ஒரு போத்தல். இண்டைக்கு நான் நிலத்தில ஊத்தினது அதைவிடக் கூட, தம்பி."