நாற்பத்து மூன்றில் எது ஓடுகிறது

அன்றைய பேச்சை நந்திதாவால் இன்றும் வரிசை மாறாமல் சொல்ல முடியும். புதிதாக வாங்கிய ஏஐயை அலுவலகத்தில் எல்லோருக்கும் ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தான் மேனேஜர் தீபக்.

“கிருபாக்கா, நீங்களே ஒண்ணு கேளுங்க.”

“நூல் கழிவு எங்கீங்க தம்பி கணக்காகுது?”

லட்சக்கணக்கான புரோகிராம் வரிகளை ஒரு நொடியில் துழாவி, நாற்பத்து மூன்று இடங்களைத் திரையில் எடுத்துப் போட்டது ஏஐ.

“நீங்க தேடியிருந்தா நாங்க ஒரு டீ குடிச்சுப்போட்டு வந்திருப்போம்” என்றான் தீபக்.

“அது செரிங்க. அதுல எது இப்ப மில்லுல ஓடுதுன்னு கேளுங்க, பாக்கலாம்.”

அது ஒரு மில்லின் ஃபோல்டரைக் காட்டியது. கிருபா சிரித்துவிட்டாள். “அந்த மில்லை மூடி ஆறு வருசமாச்சுங்க. கேட்டுல பூட்டுத் தொங்குது. உங்க ஆளு செவுரு ஏறிக் குதிச்சாருங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். தீபக்கும் சிரித்தான். பிறகு சொன்னான்: “எது ஓடுது, எது ஓடலைன்னு எழுதிக் குடுத்துருங்க அக்கா. அதுவே படிச்சுக்கும்.”

எழுதி வாங்கும் வேலை நந்திதாவிடம் வந்தது.

சிங்காநல்லூரில் நூற்பாலைகளுக்கு மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம் அது. அந்தியூர்ப் பக்கம் கரும்புக் காட்டு வேலைக்குப் போனவர்களின் மகளான கிருபா, டைப் அடிக்க வந்து சேர்ந்து இருபத்திரண்டு வருடம். புரோகிராம் எழுதத் தெரியாது. மில் மில்லாகப் போய் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவள். ஒரு மில் மாற்றம் கேட்டால், பழைய புரோகிராமை அப்படியே நகலெடுத்து அந்த மில் முதலாளி பெயரில் ஃபோல்டர் போடுவது அங்கே வழக்கம். மில் கைமாறும், ஃபோல்டரின் பெயர் மாறாது. எந்தப் பெயருக்குள் எந்த மில் ஓடுகிறது என்பது கிருபாவுக்கு மட்டுமே தெரியும். பட்டம் வாங்கியவர்களெல்லாம் அவள் மேசைக்கு வந்து நின்று கேட்பார்கள். அவளை அங்கே வைத்திருந்தது அதுதான்.

மூன்று வாரம் அவள் சொல்லச் சொல்ல நந்திதா தட்டினாள். நூற்றுப் பதினெட்டு ஃபோல்டர். ஒன்றும் விடுபடவில்லை, ஒன்றிலும் பொய் இல்லை. அடுத்த மாதம் கிருபாவின் மேசைக்கு யாரும் வரவில்லை. அதற்கடுத்த மாதம் தீபக் அவளை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினான். வெளியே வந்தவள், டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, “வாரேனுங்க” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். நந்திதா திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. உக்கடத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கிருபா வேலை கேட்டுப் போனதாகவும், வயதைச் சொல்லி அவர்கள் திருப்பி அனுப்பிவிட்டதாகவும் பின்னால் கேள்விப்பட்டாள்.

அந்த மூன்று வாரத்தின் முடிவில், எழுதக் கடைசி ஃபோல்டர் மட்டும் மிச்சமிருந்த மதியம், யாரும் பக்கத்தில் இல்லையென்று பார்த்துக்கொண்டு கிருபா கேட்டிருந்தாள்:

“கண்ணு, இது ஒண்ணை மட்டும் எழுதாம உட்டுரு. எப்பவாச்சும் ஒருக்கா எங்கிட்ட வந்து கேக்கட்டும்.”