அங்கிளின் ரஷ்யப் பெட்டி

டோர்செட் பார்க்கில் எங்கள் மாடியில் குடியிருந்த அங்கிளிடம், கனடாவுக்கு வரும் வழியில் மொஸ்கோவில் வாங்கிய அரக்குப் பெட்டி ஒன்று இருந்தது. அவருடைய மை பூசிய மீசையைப் போலவே அதுவும் கறுத்து மினுங்கும். மூடியில் ஒரு ரஷ்யக் கதையைக் கையால் தீட்டியிருந்தார்கள்: ஓநாய் மேல் இளவரசன், அவனுக்குப் பின்னால் ஒரு பெண்.

அங்கிளின் கணக்கில் ஓநாய் இலங்கை ஆமி, இளவரசன் எங்கள் இயக்கப் பெடியள். வன்னிச் சண்டையில் அகப்பட்டிருந்த அக்காவை நினைத்து நான் புலம்பும்போதெல்லாம் பெட்டியை எடுத்து ஓநாயை நகத்தால் தட்டுவார்.

"ஆமிய உள்ள விட்டு அடிப்பாங்கள். இருந்து பாரும்."

ஒவ்வொரு ஊர் விழுந்தபோதும் அதே தட்டு, அதே வசனம். 2009 மே மாதத்தில் சண்டை எல்லாம் முடிந்தது. அக்காவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நேரே அவரிடம் போனேன்.

"அங்கிள், ஆமி முழுக்க உள்ள வந்திட்டுது. எப்ப அடி?"

அவர் அசரவில்லை. "ஓநாயில ஏறினது பிழை எண்டு நான் அப்பவே சொன்னனான்."

"பின்னால இருக்கிற உந்தப் பெட்டை ஆர்?"

"அது சும்மா. சனம்."

பெட்டியை வாங்கிப் பார்த்தேன். அவளுக்கு முகமே இல்லை; தேய்ந்து போயிருந்தது. ஓநாயைத் தட்டுவதற்காகப் பெட்டியைப் பிடித்த அங்கிளின் கட்டைவிரல், இத்தனை நாளும் அவள் முகத்தில்தான் ஊன்றியிருக்கிறது.