உப்பில்லாச் சட்டி

கீழ்வீட்டில் யாரோ லீக்ஸ் வாட்டுகிறார்கள். எண்ணெய் காணாத இரும்புச் சட்டியில், வெங்காயத்தாள் போன்ற அதன் வெள்ளைத் தண்டு சுருங்கி, ஓரம் பழுப்பேறி, இனிப்பும் புகையுமாக ஒரு வாசம் கிளம்புமே, அந்த வாசம் இந்த ஹட்டன் மாடிவீட்டின் படியேறி வந்து, ஐம்பதை நெருங்கும் என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய், பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்து அறையில் பத்து வயதுக்காரியாக உட்காரவைத்து, வெளியே தாழ்ப்பாளைப் போட்டுவிடுகிறது.

போன வாரம் கிளினிக்கில் தாதி என் கையிலிருந்து பிரஷர்ப் பட்டியை அவிழ்த்துக்கொண்டே, "உப்பக் கொறைங்க டீச்சர். மரக்கறிக்குத் தேசிக்காய், மிளகு, இஞ்சின்னு போட்டுப் பாருங்க, ருசியா இருக்கும்" என்றாள், எனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லித்தரும் பிரியத்தோடு. நானும் தெரியாதவள்போலத் தலையாட்டிவிட்டு வந்தேன். வேறென்ன சொல்வது? அந்தப் பாடத்தை நான் படித்த இடத்தில் ஒரே ஒரு ஜன்னல். அதுவும் பலகை ஜன்னல்.

அந்த மழைக்காலத்தில் ஒரு காலை எனக்குக் கண் திறக்கவில்லை. முகம் ஊதி, இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. காலை அமுக்கினால் விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. சிறுநீரகத்தில் கோளாறு என்று மருந்து கொடுத்த தோட்டத்து டாக்டர், குளிர் படக்கூடாது, வெளியே விடக்கூடாது, பள்ளிக்கூடம் கிடையாது என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில், "உப்பு ஒரு கல்லுகூட ஆகாது, நான் சொல்ற வரைக்கும்" என்றார். அம்மா உப்புச் சிரட்டையைப் பக்கத்து அறைக்காரர்களிடம் கொடுத்துவைத்தாள். கருவாட்டுத் தகரத்தை மட்டும், அது இல்லாமல் அப்பாவுக்கு ரொட்டி இறங்காது என்பதால், அடுப்புக்கு மேலே ஆணியில் மாட்டினாள். எனக்குத் தண்ணீரில் வெந்து தண்ணீராகவே இருந்த கோவா எனும் முட்டைக்கோசும் கரட்டும். நான் துப்பினேன். அம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு விடியலில் போய்விடுவாள். துப்பியது தட்டிலேயே காய்ந்து கிடக்கும்.

அந்த வாரம்தான் பிலோ சின்னம்மா வந்து சேர்ந்தாள். அம்மாவின் தங்கை. கொழும்பில் ஒரு வீட்டில் மூன்று வருஷமாக வேலைக்கு நின்றவள், ஒரு பிளாஸ்டிக் பையோடு நனைந்து வந்து நின்று, "இனிமே அங்க போக மாட்டேன்க்கா" என்றாள். அது பெரிய கிராணியம்மாவின் அக்கா வீடு. பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீசின் தலைமை எழுத்தர். யாருக்கு எத்தனை நாள் வேலை, யாருடைய கூரைக்கு எப்போது தகரம் என்பதெல்லாம் அவர் பேனாவில் இருந்தது. அந்த வீட்டிலிருந்து ஓடிவந்தவளை வைத்துக்கொள்வது சின்ன விஷயமல்ல. அப்பா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாம் நாள், புள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற காரணம் அவருக்குக் கிடைத்தது.

இப்படியாகப் பத்துக்குப் பன்னிரண்டடியில் இரண்டு கைதிகளானோம். எனக்கு வாசல் தாண்டத் தடை. அவளுக்கு ரோட்டுக்கு இறங்கத் தடை, கிராணியம்மா கண்ணில் படக்கூடாது. மலையிலிருந்து மூங்கிலில் தண்ணீர் விழுகிற "பீலி" வரைக்கும்தான் அவள் உலகம், அதுவும் ஊர் வேலைக்குப் போன பிறகு. பனிமூட்டம் கதவிடுக்கில் நுழைந்து எங்களோடு உட்கார்ந்துகொள்ளும். அதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.

முதல் நாள் நான் துப்பியதைப் பார்த்துச் சின்னம்மா சிரித்தாள். "நீ பரவாயில்லடி. அந்த வீட்டுப் பெரியவருக்கும் இதே சீக்கு. மொத மாசம் தட்டத் தூக்கிச் சொவத்துல அடிச்சாரு. சொவத்தக் கழுவிக் கழுவித்தான் நான் சமையல் படிச்சேன்."

"இப்ப?"

"இப்ப என் கை பட்டாத்தான் அவருக்குச் சோறு எறங்குதாம். வீட்டம்மா வெளிய போனா கேட்டுக்கு வெளிப்பக்கமாப் பூட்டு. உள்ளுக்க நானும் அந்தக் கெழவரும்."

மறுநாள் அவள் கோவாவைத் தண்ணீரில் போடவே இல்லை. காய்ந்த சட்டியில் சீரகத்தையும் மல்லியையும் வெடிக்கிற வரை வறுத்து, அம்மியில் தூளாக்காமல் ஒன்றுக்கிரண்டாகத் தட்டி ("மாவாக்கிட்டா வாசம் ஓடிப்போயிரும்டி, பல்லுல படணும்"), பூண்டைத் தோலோடு தணலில் புதைத்து, நெய்போல இளகியதும் பிதுக்கி எடுத்து, நறுக்கின கோவாவை அதன் ஈரத்திலேயே மூடி வைத்து, பச்சை நிறம் சாவதற்குள் இறக்கினாள்; இறக்கிய பிறகுதான் தேசிக்காய், அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் எலுமிச்சைச் சாறு கசந்துபோகும். கரட்டைத் தோல் சீவாமல் சாம்பலில் சுட்டு, இஞ்சி வைத்து நசுக்கினாள். லீக்ஸை வெறும் சட்டியில் கருகும் எல்லை வரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்தினாள். பூசணிக்கு மிளகும் கறிவேப்பிலையும், பீட்ரூட்டுக்கு அதன் கீரையையே நறுக்கிப் போட்டுத் துளிப் புளி. ஒவ்வொரு நாளும் என் நாக்கை ஏமாற்றப் புதிதாக ஒரு வழி கண்டுபிடிப்பாள். புளிப்பும் காரமும் புகையும் மாறி மாறி வாயில் நின்றதில், உப்பு இல்லாததை நான் தேடாமலே தின்று முடித்திருப்பேன். அறை அதே அறைதான், கதவு அதே கதவுதான். சாப்பிடும் அந்தக் கொஞ்ச நேரம் மட்டும் நான் வெளியே இருந்தேன்.

வீக்கம் வற்றத் தொடங்கியது. கண்ணாடியில் என் முகம் திரும்பி வந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அப்பா, நான் தூங்கிவிட்டதாக நினைத்து, அம்மாவிடம் சொன்னார்: "கிராணியம்மாகிட்ட வாயக் கொடுத்துட்டேன். புள்ள தேறுன மறுநாளு பிலோமினாவ அனுப்பி வைக்கிறேன்னு."

ஒரு லயத்து அறையில் ரகசியம் எங்கே போய் ஒளியும்? சின்னம்மாவும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். மறுநாளும் அவள் சீரகத்தை வறுத்தாள். என்னைத் தேற்றும் ஒவ்வொரு கவளமும் தன்னை அந்த கேட்டுக்குள் தள்ளும் என்று தெரிந்தும் அவள் கை ஒரு சிட்டிகை குறையவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. பத்து வயதுக் கணக்கு ஒன்று போட்டேன்: நான் தேறாவிட்டால் அவள் போக வேண்டியதில்லை.

அவள் பீலிக்குப் போகும் நேரமாகப் பார்த்து, முக்காலியில் ஏறி, தகரத்திலிருந்து ஒரு துண்டுக் கருவாடு எடுத்துச் சப்பினேன். பச்சைக் கருவாடு. குமட்டியது, ஆனாலும் அத்தனை நாள் கழித்து நாக்கில் பட்ட உப்பு! கண்ணில் தண்ணீர் வந்தது. மறுநாளும் சப்பினேன், அதற்கு மறுநாளும். ஒரு வாரத்தில் கண் மறுபடி ஒட்டிக்கொண்டது.

டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "யாரு உப்புக் கொடுத்தது?" என்றார். வீட்டுக்கு வந்ததும் அப்பாதான் கத்தினார். "போக இஷ்டமில்லன்னா நேராச் சொல்லியிருக்கணும் பிலோமினா. எம்புள்ள வயித்துல கை வைப்பியா?"

சின்னம்மா போஞ்சிக்காயின் நாரை உரித்துக்கொண்டிருந்தாள். "நான் போடல மாமா" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பிறகு அடுத்த காயை எடுத்தாள். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

மறுநாள் எல்லாரும் வேலைக்குப் போனதும், "கைய நீட்டு" என்றாள். என் விரல்களை மூக்கருகில் வைத்து முகர்ந்தாள். அந்த மூக்குக்கு எது தப்பும்?

"ஏன்டி?"

"நான் நல்லாயிட்டா நீங்க போயிருவீங்க."

அவள் என் விரல்களைத் தன் முந்தானையால் அழுந்தத் துடைத்தாள். "அடியே கூறுகெட்டவளே, நீ செத்துப்போனா மட்டும் என்னைய வச்சிக்குவாங்களாக்கும்? ஒன்னைய அடக்கம் பண்ணுன மறுநாளே பஸ்ஸுல ஏத்திருவாங்க" என்றாள். சொல்லிவிட்டு என் தலையைத் தன் மடியில் அமுக்கிக்கொண்டாள். மூச்சு முட்டியது. விடச் சொல்லவில்லை நான்.

சாயங்காலம் அப்பா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்ததும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அப்பா தகரத்தைக் கழற்றிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். சின்னம்மாவிடம் மன்னிப்பெல்லாம் கேட்கத் தெரியாதவர். மறுநாள் கடைவீதியிலிருந்து ஒரு பை நிறையத் தேசிக்காய் வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, "இனிமே எல்லாருக்கும் ஒரே சட்டி" என்றார். உப்பில்லாத கோவாவை அவர் வாயில் போட்டு மெல்ல மெல்ல மென்றது நினைவிருக்கிறது. "அந்தப் பெரியவர் ஏன் விட மாட்டேங்குறாருன்னு இப்பத்தான் தெரியுது" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தமாக உடுத்திக்கொண்டு கிராணி வீட்டுக்குப் போனார். திரும்பி வந்து, "கேட்டுப் பாத்தேன்" என்றார். அம்மா சின்னம்மாவின் பிளாஸ்டிக் பையைக் கழுவிக் கொடியில் காயப்போட்டாள். கூரையும் அவர்களுடையது, வேலையும் அவர்களுடையது. நாங்கள் எல்லோரும் ஒரு பெரிய கேட்டுக்குள்தான் இருந்தோம் என்பது எனக்குப் பின்னால் விளங்கியது.

தவக்காலம் முடிவதற்குள் என் காலில் விரல் பதிந்தாலும் குழி நிற்கவில்லை. டாக்டர் சிரித்துக்கொண்டே, "இனி கொஞ்சங் கொஞ்சமா உப்புச் சேத்துக்கலாம், பள்ளிக்கூடம் போகலாம்" என்றார். வீட்டில் யாரும் அதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லவில்லை.

அந்த லயம் இப்போது இல்லை. இடித்துவிட்டுத் தனித்தனி வீடுகள் கட்டியிருக்கிறார்கள். பீலி இருந்த இடத்தில் குழாய். கிராணி வீட்டில் யார் யாரோ. கொழும்பில் அந்த விலாசத்தைத் தேடி ஒருமுறை போனேன். மாடிக்கு மேல் மாடியாக ஒரு கட்டடம் நின்றது, காவலுக்கு இருந்தவருக்கு எதுவும் தெரியவில்லை. பெரியவர் இறந்த பிறகு சின்னம்மாவை இன்னொரு வீட்டுக்குக் கொடுத்தார்கள், அங்கிருந்து வெளிநாட்டுக்கு. இரண்டு நாட்டிலிருந்து கடிதம் வந்தது. பிறகு வரவில்லை. உயிரோடு இருந்தால் எழுபதைத் தாண்டியிருப்பாள். எந்தச் சமையலறையில், யாருடைய நாக்குக்காக நின்றாளோ. நான் இங்கே தேசிக்காயைப் பிழிவதற்கு முன் அடுப்பை அணைக்கிறேன். யாரும் பார்க்காவிட்டாலும் அணைக்கிறேன்.

அவளைக் கொழும்புக்கு ஏற்றிவிட்ட அன்றைக்கு, பஸ் ஓரமாக நின்றது. என் புது முகத்தோடு ஜன்னல் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, இரவெல்லாம் யோசித்துக் கண்டுபிடித்த வழியைச் சொன்னேன்.

"சின்னம்மா, அங்க போயி வாயில வைக்க முடியாத மாதிரி சமைங்க. அவங்களே தொரத்தி விட்டுருவாங்க."

அவள் சிரித்தாள். கம்பி வழியாகக் கையை நீட்டி என் கன்னத்தை அழுத்திப் பார்த்தாள், குழி விழுகிறதா என்று பார்ப்பதைப்போல. பஸ் உறுமியது.

"எனக்கு அப்படிச் சமைக்க வரலயேடி."