மூன்றாவது வளைவு எது?

ஏற்காட்டு மலைச்சாலை எங்கே தொடங்குகிறது என்று யாராவது கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். நெடுஞ்சாலை அலுவலகத்தில் எஸ்டிமேட் சரிபார்த்தே ஓய்வு பெற்றவனுக்கு இது அழகில்லைதான்.

கோப்பின்படி அது சேலத்தில் தொடங்குகிறது. முதலில் குதிரைத் தடமாம். பிறகு காப்பி மூட்டை இறக்க எஸ்டேட்காரர்கள் வண்டிப்பாதை ஆக்கினார்களாம். அப்புறம்தான் தாரும் மாநில நெடுஞ்சாலை என்ற பட்டமும். மைல்கல்லும் சரி, கிலோமீட்டர் கல்லும் சரி, கீழிருந்து மேலேதான் எண்ணிக்கொண்டு போயின.

எழுபதுகளின் கடைசியில், மழைக்கு முன்பு, மலையிலிருந்து ஓர் அம்மாள் ஆபீசுக்கு வந்தார். கணவர் இல்லை. மூன்றாவது கொண்டை ஊசி வளைவுக்கு நேர் கீழே கொஞ்சம் காப்பித் தோட்டம், ஓர் ஓட்டு வீடு. ரோட்டுத் தண்ணீர் சரிவை அரிக்கிறது, இந்த மழையில் மண்ணோடு வீடும் போய்விடும், தடுப்புச் சுவர் வேண்டும் என்றார். அப்போது வளைவுகளில் எண் பலகை கிடையாது.

ஓவர்சியர் போய்ப் பார்த்தார். மூன்றாவது வளைவில் சரிவு அரித்துப்போய்த்தான் இருந்தது. அளந்தார். வீடு இருக்கிறதா என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை. அதனால் அவரும் தேடவில்லை. நான் சரிபார்த்ததில் ஒரு பிழைகூட இல்லை. சுவர் எழும்பிவிட்டது.

அந்த அம்மாள் மறுபடி வந்து, சுவர் ஏன் இன்னும் கட்டவில்லை என்றார். கட்டியாயிற்று என்றேன். இருவரும் வளைவுகளை விரல்விட்டு எண்ணிய பிறகுதான் விளங்கியது. மலைக்காரர்கள் வளைவுகளை மேலிருந்து, இறங்கும் வரிசையில் எண்ணுகிறார்கள். எங்கள் மூன்றாவது வளைவு அடிவாரத்துக் காடு. அந்தச் சுவர் காப்பாற்றியது குரங்குகளை.

"ரோடு கீழதானம்மா ஆரம்பிக்குது."

"நாங்க மேல இருக்கறமுங்க. கீழ இருந்து எப்படிங்க ஊட்டை விட்டுக் கிளம்பறது?"

இன்னொரு சுவர் கேட்டால், அந்த மனுவுக்குச் சுவர் கட்டியாயிற்று என்று கோப்பு சொல்லும். மழைச்சேதம் என்ற செலவுத் தலைப்பில் போடலாம். ஆனால் அதற்குச் சேதம் நடந்திருக்க வேண்டும். இதைப் பொறுமையாக விளக்கினேன்.

"அப்ப ஊடு உழுந்த பொறவு வரட்டுங்களா?"

கேலி இல்லை அதில். எந்தக் கிழமை வரட்டும் என்று கேட்பவர் மாதிரிக் கேட்டார். நடைமுறைப்படி ஆமாம் என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னேனா என்று நினைவில்லை.

அவர் ஓடுகளைப் பிரித்து இறக்கிவிட்டு, செம்மநத்தத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். மழை நன்றாகவே பெய்தது. அவருடைய சரிவு அசையவில்லை. சுவர் வைத்த வளைவும் அசையவில்லை. இரண்டுக்கும் நடுவே, யாரும் மனு கொடுக்காத ஒரு வளைவு சரிந்து பஸ் நின்றுபோனது.

மண்ணை ஒதுக்கியபின் ஓவர்சியரோடு அதைப் பார்க்கப் போனவன், அவர் வளைவிலும் ஜீப்பை நிறுத்தினேன். கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே தம்பியோடு ஓடுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க சார், இனி வந்து இருக்கலாமுங்களா?"

வீடு விழுந்திருந்தால் எனக்குப் பதில் தெரியும்: எந்தத் தலைப்பு, யார் கையெழுத்து, எல்லாம். விழாததற்கு விதி இல்லை. நான் சரிவைப் பார்த்தேன், ஓவர்சியரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.  அந்த அம்மாள், இப்போதைக்கு அடுப்படிக்கு மட்டும் ஓடு போடலாம் என்று தம்பியை ஏணி வைக்கச் சொன்னார்.