வாண்டாவின் ஆரஞ்சுக் கோடு

வாண்டாவுக்கு அறுபது வயதாகிறது, பிறந்தநாள் மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை எழுதிக் கொடு என்றார்கள். எனக்குப் பொய் எழுத வராது.

பால்டிமோரில் அவளும் நானும் ஒரே தெரு. வேறு வேறு கல்லூரிகளில் வானியல் வேலை. அவள் இரும்பாலைத் தொழிலாளியின் மகள். சிரித்தால் மூன்று வீடு தள்ளிக் கேட்கும். இருபது வருடமாக அவளைக் கண்டாலே எனக்கு வயிறு எரிகிறது.

காரணம் விண்வெளித் தொலைநோக்கி. தரையிலிருந்து பார்த்தால் நம் காற்றின் ஈரமே மறைக்கும். மேலே அந்தத் தொந்தரவு இல்லை. தூரத்துக் கோள் ஒன்று தன் சூரியனுக்குக் குறுக்கே போகும்போது, கோளின் காற்றைக் கடந்து வரும் ஒளியில் சில நிறங்கள் குறையும். எது குறைகிறது என்று பார்த்து, அங்கே இருப்பது நீராவியா, வேறு வாயுவா என்று சொல்லிவிடலாம். அந்தத் தொலைநோக்கியில் பார்க்கப் பத்துப் பேர் நேரம் கேட்டால் ஒருவருக்குத்தான் கிடைக்கும். வாண்டா மூன்று முறை கேட்டாள், மூன்றும் கிடைத்தது. நீராவியைக் கண்டுபிடித்தாள், பேப்பரில் படம் வந்தது. நான் ஐந்து முறை கேட்டேன். ஐந்து முறையும் கைவிரித்தார்கள்.

போன வருடம், யாருக்கு நேரம் கொடுப்பது என்று முடிவு செய்யும் தேர்வுக்குழுவில் என்னைப் போட்டார்கள். விண்ணப்பங்களில் பெயர் இருக்காது. யாருடையது என்று அடையாளம் தெரிந்தால் சொல்லிவிட்டு எழுந்து வெளியே போகவேண்டும். அது விதி.

பதினெட்டாவது விண்ணப்பத்தில் ஒரு வரைபடம். அடியில் தடித்த ஆரஞ்சுக் கோடு. உலகத்தில் வாண்டா ஒருத்திதான் அப்படிப் போடுவாள். பதின்மூன்று வருடத்துக்கு ஒரு முறை குறுக்கே போகும் கோள். வரும் செப்டம்பரில் முப்பது மணி நேரம் வேண்டுமாம். நான் எழுந்திருக்கவில்லை.

"அந்த நட்சத்திரம் பூரா கறை. கறையிலயே நீராவி இருக்கும். அதப் பாத்துட்டு கோள்ல நீராவின்னு சொல்லிடுவாங்க" என்றேன்.

"கறை கொஞ்சந்தானே ஐரீன்?" என்றார் தலைவர் கர்ட்டிஸ்.

"கொஞ்சமா? எண்ணிப் பாத்தீங்களா?"

கடுகை மலையாக்கினேன். விண்ணப்பம் வரிசையில் ஒரே ஒரு இடம் பின்தங்கித் தவறிப்போனது. வீட்டுக்குப் பாடிக்கொண்டே வந்தேன்.

ஜூலையில் வாண்டா வீட்டுக் கொல்லையில் நண்டு விருந்து. மேசையில் செய்தித்தாளை விரித்து, மரச் சுத்தியலால் ஓட்டை உடைத்துக்கொண்டிருந்தோம்.

"பாவம்டி ஓட்டிஸ்" என்றாள் வாண்டா. ஒஹையோவில் சின்னக் கல்லூரி வாத்தியார் அவர். "அவர் கண்டுபிடிச்ச கோளுக்கு அவருக்கே நேரம் குடுக்கல. கறையாம்! எந்தப் புண்ணியவான் சொன்னானோ."

"நீ... இந்த வருஷம் கேக்கலியா?"

"எனக்கெதுக்கு, மூணு தடவ கெடச்சுதே. அவருக்குப் படம் போட வராது. நான்தான் போட்டுக் குடுத்தேன்."

முதலில் எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. இவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லையே என்ற ஏமாற்றம்தான். ஓட்டிஸ் அதற்கு அப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தார். செப்டம்பரில் அந்தக் கோள் போகும்போது தொலைநோக்கி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த முறை வரும்போது அவருக்கு எழுபத்தெட்டு.

வாண்டா கொழுத்த சதையாக எடுத்து என் முன்னால் வைத்தாள். "சாப்புடு கண்ணு. என்னமோ இளைச்சுட்ட."

சாப்பிட்டேன். அவளிடம் இன்றுவரை சொல்லவில்லை. இந்த மலரில் படித்துத்தான் தெரிந்துகொள்வாள்.