பங்களாவைப் பார்த்துக்கொண்டவர்

ரப்பர் எரிகிற நாற்றம் மூக்கை விட்டு அவ்வளவு எளிதில் போவதில்லை. ஜப்பான்காரன் வருவதற்குள் எதையும் மிச்சம் வைக்கக்கூடாது என்று, பின்வாங்கிய வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எங்கள் தோட்டத்து ஸ்டோருக்குத் தீ வைத்துவிட்டுப் போனார்கள். அடுக்கி வைத்திருந்த ரப்பர்த் தகடுகள் மார்கழி மழையிலும் அணையாமல் இரண்டு நாள் எரிந்தன. குருண் ஊருக்குப் பக்கத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், சோறு, துணி, தலைமுடி எல்லாவற்றிலும் அந்த நாற்றம் ஏறியிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது.

அப்பா தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரப் பெரிய துரையின் பங்களாவில் சமையல்காரர். லயத்தில் அவரை 'பங்களா குக்கு' என்பார்கள். பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிறவர்களின் கைகளில் அந்தப் பால் காய்ந்து கறுத்திருக்கும்; அப்பாவின் கைகள் மட்டும் மாவு வாசனையோடு வெளுத்திருக்கும். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. துரையைவிடப் பெரியவன் உலகத்தில் இருக்க முடியாது என்று அவர் உண்மையாகவே நம்பினார். அப்போது அந்த நம்பிக்கை எல்லோருக்கும் இருந்தது. துரை எதிரே வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்கி, தள்ளிக்கொண்டுதான் நடக்கவேண்டும். அப்படிப்பட்ட வெள்ளைக்காரர்கள் சேறு படிந்த முகத்தோடு, சிலர் பூட்ஸ்கூட இல்லாமல், தெற்கே ஓடுவதை நாங்கள் பெரிய சாலை ஓரத்தில் நின்று பார்த்தோம். அம்மா, "இவுங்களே ஓடுனா நம்மள யாரு பாக்குறது?" என்றாள்.

துரையும் அன்று காலையே புறப்பட்டார். காரில் ஏறும்போது அப்பாவிடம், "நான் சீக்கிரம் வருவேன், பங்களாவைப் பார்த்துக்கோ" என்று சொன்னாராம். அப்பா வீட்டுக்கு வந்து இதை அம்மாவிடம் இரண்டு மூன்று தடவை சொன்னார். அவர் முகத்தில் பயத்தைவிடப் பொறுப்புதான் அதிகம் தெரிந்தது.

பங்களாவில் ஜப்பானிய அதிகாரி ஒருவன் வந்து உட்கார்ந்தான். அப்பா அவனுக்கும் சமைத்தார். லயத்தில் அரிசி குறைந்து, பிறகு இல்லாமலே போயிற்று. மரவள்ளிக்கிழங்கை விடிந்தாலும் அடைந்தாலும் தின்றோம். கட்டத் துணியில்லாமல் அம்மா கோணிச் சாக்கைப் பிரித்துத் தைத்தாள். அந்த நேரத்தில்தான் ஜப்பான்காரர்கள் வடக்கே சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறார்கள் என்ற பேச்சு வந்தது. முதலில் மூன்று மாத வேலை என்றார்கள்; போனவர்கள் வரவில்லை என்று தெரிந்தபின் லோரியைக் கண்டாலே ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, சிடாம் கிரிப் பக்கம் காட்டோரமாகக் குடிசை போட்டிருந்தார். ஒரு நாள் மதியம் வந்து அப்பாவைக் கூப்பிட்டார்.

"மச்சான், வாங்க. அங்க யாரும் வரமாட்டான்லா. கெழங்கு போட்டுப் பொழச்சுக்கலாம்."

"தொரைகிட்ட சரின்னு சொல்லிட்டேன்பா. அவரு வர்ற வரைக்கும் நான் எப்படி வர்றது?"

"எந்தத் தொரை? அவன் ஓடிப்போயி ஒரு வருசத்துக்கு மேல ஆச்சு மச்சான்!"

"வருவாரு" என்றார் அப்பா.

அம்மா அழுது பார்த்தாள், சண்டை போட்டாள், மூன்று நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். அப்பா பங்களாவுக்குப் போவதை நிறுத்தவில்லை. அடுத்த மாதம் தோட்டத்திலிருந்து ஆள் கொடுக்கவேண்டும் என்று உத்தரவு வந்தது. ஓட முடிந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டிருந்தார்கள். தினமும் அதே நேரத்துக்கு அதே வழியில் நடந்து வருகிற ஆள் அப்பா ஒருவர்தான். சமையலறை வாசலிலேயே பிடித்து லோரியில் ஏற்றினார்கள். நானும் அம்மாவும், காலையில் ஆள் எண்ணுகிற 'பெரட்டு' களத்துக்கு ஓடுவதற்குள் லோரி கேட்டைத் தாண்டிவிட்டது. அவர் எங்களைப் பார்த்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர் முடிந்தது. சயாமிலிருந்து எங்கள் தோட்டத்துக்கு மூன்று பேர் திரும்பினார்கள். மூன்று பேரும் அப்பாவைப் பார்க்கவில்லை என்றார்கள். வேறு முகாமாக இருக்கும் என்றார்கள்.

அதற்கு அடுத்த வருடம் துரை வந்தார். தலை முழுக்க நரைத்து, சட்டை தோளில் தொங்கியது. அம்மா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு பங்களாவுக்குப் போனாள். துரை கேட்ட முதல் கேள்வி, "குக்கு எங்கே?"

"சயாமுக்குப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க தொரை. நீங்க பங்களாவப் பாத்துக்கச் சொன்னீங்கன்னுதான் அவரு ஓடாம இருந்தாரு."

துரை மெதுவாக, "நான் அப்படியா சொன்னேன்?" என்றார்.

அவருக்கு நினைவே இல்லை. அவசரத்தில் வாயில் வந்ததைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அம்மாவின் கை என் கையை நெரித்தது.

தெற்கே ஜப்பான்காரனிடம் பிடிபட்டு, அவரும் போர்க் கைதியாகச் சயாமில் அதே பாதையில்தான் மண் சுமந்திருக்கிறார். செத்தவர்களின் பட்டியல் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள். "எங்க ஆளுக்கு இருக்கு. ஒளிச்சு வெச்சு எழுதினோம். உங்க ஆளுக்கு யாரும் எழுதல" என்று சொல்லிவிட்டுத் தலை குனிந்துகொண்டார். அம்மா என்னை இழுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

வெள்ளைக்காரர் நாட்டிலும் பழைய உலகம் இல்லை என்பது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் 'கிராணி' வழியாக லயத்துக்கு வந்தது. துரையின் குடும்ப வீட்டை அரசாங்கம் எடுத்து ஆஸ்பத்திரியாக்கியிருந்ததாம். போர்த் தொழிற்சாலைக்குப் போன வேலைக்காரப் பெண்கள் திரும்பி வரவில்லை, துரையின் மனைவி துரைசானியே பாத்திரம் கழுவுகிறாளாம். போரில் ஜெயித்துக் கொடுத்த தலைவரையே ஜனங்கள் ஓட்டுப் போட்டு இறக்கிவிட்டுத் தொழிலாளர் கட்சியை உட்கார வைத்துவிட்டார்களாம். "அவன் ஊருலயே தொழிலாளி ஜெயிச்சிட்டான்லா!" என்று மாமா கத்தினார். அதற்குப் பிறகு அவரும் மற்ற இளவட்டங்களும் துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கவில்லை. துரையும் அதைக் கேட்கவில்லை. அம்மாவுக்கு இதில் எதுவுமே காதில் விழவில்லை.

பிறகு நான் ஆசிரியையாகி, அந்த நாட்டுச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். போரில் பட்ட பாட்டுக்குப் பதிலாக அங்கே எல்லோருக்கும் இலவச வைத்தியம் வந்தது, விதவைகளுக்கு உதவி வந்தது. நல்ல காரியங்கள்தான். ஆனால் அந்த நாட்டை நிமிர்த்தத் தேவைப்பட்ட டாலரில் ஒரு பங்கு எங்கள் மரத்துப் பாலை வெளிநாட்டுக்கு விற்றுத்தான் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதே வருடங்களில் எங்கள் லயத்து விதவைகள் விடியற்காலையில் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போனார்கள். என் அம்மாவும் போனாள். இந்தப் பாடத்தை நான் ஒரு வருடம்கூடத் தடுமாறாமல் நடத்தியதில்லை.

அம்மா கடைசிவரை தாலியைக் கழற்றவில்லை. சாமியார் ஒருவர் திதி கொடுக்கச் சொன்னபோது, "எந்த நாள்னு கொடுக்கிறது?" என்று கேட்டாள்.

இப்போது மெர்கோங்கில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன மாதம் அவன் காரில் பழைய தோட்டத்துப் பக்கம் போனோம். லயம் இல்லை, பெரட்டுக் களம் இல்லை, பங்களா இருந்த மேட்டைச் சமமாக்கித் தொழிற்சாலை கட்டியிருக்கிறார்கள். "அம்மா, தாத்தா எப்படி இருப்பாரு?" என்று மகன் கேட்டான். அப்பாவைப் படம் எடுத்ததே இல்லை. நான் கண்ணை மூடி நினைத்துப் பார்த்தேன். முகம் வரவில்லை.