அழித்துவிடும் என்று சொல்லாத பக்கம்

அலுவலகத்தில் அவளைக் 'கமா' என்றுதான் கூப்பிடுவார்கள். மென்பொருள்களுக்கு உதவிப் பக்கங்கள் எழுதுவது அவள் வேலை. ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தாலும் விடமாட்டாள்.

அவளுடைய தம்பி, வீட்டில் தன் அறைக்குள்ளேயே அடைந்துகிடந்து, காது கேளாத பிள்ளைகளுக்காக ஒரு கணினி விளையாட்டை எழுதிக்கொண்டிருந்தான். செய்யும் மாற்றங்களையெல்லாம் பதிந்துவைக்க ஒரு மென்பொருள் வைத்திருந்தான். ஒரு மதியம், ஒரேயொரு கோப்பிலிருந்த பிழையைச் சரிசெய்ய எண்ணி, அந்த மென்பொருளின் உதவிப் பக்கத்தைப் பார்த்து ஒரு கட்டளையைத் தட்டினான். 'பழைய நிலைக்குக் கொண்டுவரும்' என்று மட்டும்தான் அதில் போட்டிருந்தது. எல்லாக் கோப்புகளையும் அப்படியே கொண்டுவந்தது. பதியாமல் விட்டிருந்த, குளிர்காலம் முழுக்கச் செய்த உழைப்பு மொத்தமும் துடைத்துவிட்டாற்போல் போனது.

"அக்கா, எல்லாம் போச்சு."

அவளும் என்னென்னவோ செய்து பார்த்தாள். ஒன்றும் மீளவில்லை.

"அப்பப்போ பதிஞ்சு வச்சிருக்கக் கூடாதாடா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"முழுசா முடிச்சிட்டுப் பதியலாம்னு இருந்தேன்."

அதன்பின் அவன் கணினியைத் திறக்கவில்லை. ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டும் வேலைக்குப் போய்விட்டான்.

அந்த மென்பொருள் பொதுவானது; யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். அவள் அந்தப் பக்கத்தை மாற்றி எழுதினாள். 'பதியாத மாற்றங்களை இந்தக் கட்டளை அழித்துவிடும். அவை திரும்பக் கிடைக்கா' என்பதை முதல் வரியாக வைத்தாள். மாற்றங்களை முதலில் எப்படி ஒதுக்கிவைப்பது என்றும் கீழே காட்டினாள்.

அந்த மென்பொருளின் உதவிப் பக்கங்களைக் கவனிப்பவர் இணைய அழைப்பில் சலித்துக்கொண்டார். "இவ்வளவு நீளமா எதுக்குங்க? தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

"தெரிஞ்சவங்க இந்தப் பக்கத்துக்கு ஏங்க வரப்போறாங்க?"

வெட்டினாள், சுருக்கினாள், மறுபடி அனுப்பினாள். முதல் வரியில் மட்டும் கைவைக்க விடவில்லை. ஒருவழியாக ஏற்றுக்கொண்டார்கள்.

மாலை வேலை முடிந்து வந்த தம்பியிடம் காட்டினாள். சீருடையைக் கழற்றாமல் நின்றபடியே படித்தான்.

"நல்லாருக்குக்கா. தெளிவா இருக்கு."

"மறுபடி ஆரம்பிக்கலாமேடா. நானும் கூட உக்காந்துக்கறேன்."

"என்ன எழுதினேன்னே மறந்துபோச்சுக்கா." முகம் கழுவப் போய்விட்டான்.

அவள் மற்றக் கட்டளைகளின் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருத்தத் தொடங்கினாள். ஒருநாள் முகம் தெரியாத ஒருவர், அந்த முதல் வரியைப் பார்த்துக் கடைசி நிமிடத்தில் கையை எடுத்துவிட்டதாகவும், தன் வேலை தப்பியதாகவும் நன்றி எழுதியிருந்தார். 'மகிழ்ச்சி' என்று பதில் அனுப்பினாள். பிறகு அலுவலகக் கழிவறைக்குப் போய், சத்தம் வெளியே கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.